குடல்வால் வெடித்த பிறகு: பார்க்க எது, வடிக்க எது?

குடல்வால் அழற்சி என்றாலே அல்ட்ராசவுண்ட் போதுமா, சிடி வேண்டுமா என்ற பேச்சு வந்துவிடும். அழற்சி தொடக்கத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. வெடித்துவிட்டதா, சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கட்டத்தில் என் ஓட்டு சிடிக்குத்தான். சீழை வடிக்க ஊசியை எடுக்கும்போது அந்த ஓட்டு பெரும்பாலும் அல்ட்ராசவுண்டுக்கு மாறிவிடும்.

அல்ட்ராசவுண்டின் பலமே அழுத்திப் பார்ப்பதில் இருக்கிறது. 1986-இல் நெதர்லாந்து மருத்துவர் பாய்லார்ட் விவரித்த முறை இது: கருவியின் தலையை வலது அடிவயிற்றில் வைத்து மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். காற்று விலகும், சாதாரணக் குடல் நசுங்கிக்கொடுக்கும். வீங்கிய குடல்வால் மட்டும் 6 மில்லிமீட்டருக்கு மேல் பருத்து, நசுங்காமல் நிற்கும். ஆனால் வெடித்ததும் உள்ளழுத்தம் இறங்கி அதுவே தளர்ந்துவிடலாம். தேடி வந்த அடையாளமே காணாமல் போகும். பலகை மாதிரி இறுகிய வயிற்றை அழுத்தவும் முடியாது. செயலற்றுப்போன குடலில் தேங்கிய காற்று வேறு படத்தை மறைக்கும்.

திசுக்களைப் படத்தில் ஒளிரச்செய்யும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுத்த சிடிக்கு இந்தத் தொல்லை இல்லை. குடல்வால் சுவரில் ஓரிடம் மட்டும் ஒளிராமல் விட்டுப்போயிருப்பது, குடலுக்கு வெளியே கறுப்பாகத் தெரியும் காற்றுக் குமிழி, குடல்வாலுக்குள் இறுகியிருந்து வெளியே விழுந்த மலக்கல் எல்லாம் கண்ணில் படும். சிகிச்சையைத் தீர்மானிக்கிற விஷயம் ஒன்றும் இதில்தான் தெளிவாகும். விளிம்பு ஒளிர்ந்து நடுவில் திரவம் இருந்தால் அது சீழ்க்கட்டி, வடிக்கலாம். குடலும் கொழுப்பும் ஒட்டித் திரண்ட வெறும் வீக்கம் என்றால், ஊசி போட்டாலும் ஒன்றும் வராது, ஆன்டிபயாடிக்தான். கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையில் ரத்தம் உறைந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் விலை கதிர்வீச்சு. அதனால்தான் குழந்தைகளுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட். கர்ப்பிணிகளுக்கும் அதுதான், தெளிவில்லை என்றால் கான்ட்ராஸ்ட் இல்லாத எம்ஆர்ஐ.

சரி, கட்டி இருப்பது தெரிந்துவிட்டது. சுமார் 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே கரைத்துவிடும். பெரிதாக இருந்தால் குழாய். வயிற்றுச் சுவரை ஒட்டிய கட்டிக்கு அல்ட்ராசவுண்டை மிஞ்ச ஆளில்லை. ஊசிமுனை நகர நகரத் திரையில் தெரியும், நோயாளியைப் படுக்கையை விட்டு நகர்த்தவும் வேண்டாம். ஊசி வழியாக மெல்லிய கம்பி, கம்பியின் மேல் துளையைப் பெரிதாக்கும் குழல், அப்புறம் நுனி பன்றிவால் போலச் சுருண்டுகொள்ளும் பிக்டெயில் குழாய். அந்தச் சுருள்தான் அது நழுவாமல் பிடித்துவைக்கிறது.

குடல் மடிப்புகளுக்கு நடுவிலோ இடுப்புக்குழியின் ஆழத்திலோ கட்டி ஒளிந்திருந்தால் மறுபடியும் சிடிதான். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, பிட்டம் வழியாக ஊசி போகும். காலுக்கு இறங்கும் பெரிய நரம்பில் படாமலிருக்கத் திருவெலும்பை (முதுகெலும்பின் அடியில் உள்ள எலும்பு) ஒட்டியே போக வேண்டும். ஊசியை நகர்த்து, நிறுத்து, படம் எடு, பார் என்று பொறுமையைச் சோதிக்கிற வேலை.

சீழ் வயிறு முழுக்கப் பரவிவிட்டால் இந்த ஒப்பீடே வேண்டாம், நேராக அறுவை சிகிச்சை. பரவாமல் ஓரிடத்தில் அடைபட்டு நிற்கும் கட்டியில், குழாயும் ஆன்டிபயாடிக்கும் முதலில் போவதே எனக்குப் பிடித்த வழி. அழற்சி சூடாக இருக்கும்போதே அறுவைக்குக் கைவைத்தால் ஒட்டிய குடலையும் சேர்த்து வெட்ட வேண்டிவரலாம். ஒரு நாளைக்கு 10 முதல் 20 மில்லிக்குக் கீழே வடிதல் குறைந்து, காய்ச்சலும் விட்டால் குழாயை எடுக்கலாம். குறையாமல் வந்துகொண்டே இருந்தால் குடலோடு வழி ஏற்பட்டிருக்கிறதோ என்று சந்தேகித்து, அந்தக் குழாய் வழியாகவே கான்ட்ராஸ்ட் செலுத்திப் படம் எடுப்பார்கள்.

குழாயை எடுத்ததும் மறந்துவிடுகிறவர்கள் உண்டு. 40 வயதைத் தாண்டியவர்கள் அப்படி விடக்கூடாது. கட்டி ஆறியபின் குடல்வாலை எடுப்பதா, எடுக்காமல் கண்காணிப்பதா என்று ஒப்பிட்ட பின்லாந்து ஆய்வு 2019-இல் வெளியானது. எதிர்பாராத அளவுக்குப் புற்றுக்கட்டிகள் தென்பட்டதால் அதைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் புற்றுக்கட்டி இருந்தவர்கள் அனைவரும் 40-ஐக் கடந்தவர்கள்.