1954 நவம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை: ரேடியோ முள்ளை எங்க வைக்கிறது?

பிரிட்டன்ல 1954 நவம்பர் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமைன்னு வச்சுக்கோங்க. வீட்டுக்கு ஒரே ரேடியோ. வால்வு செட்டு, போட்ட உடனே பேசாது, உள்ள சூடேறி லேசா ஒரு உறுமல் வந்து அப்புறம்தான் குரல் வரும். ரேடியோ வச்சுக்க வருஷ லைசென்ஸ் 1 பவுண்டு. அந்த காசுக்கு பிபிசி மூணு ஸ்டேஷன் குடுக்குது, ஹோம் சர்வீஸ், லைட் ப்ரோக்ராம், தேர்டு ப்ரோக்ராம். நாலாவதா ராத்திரியானா கடல் தாண்டி ரேடியோ லக்ஸம்பர்க் வரும், அது முழுக்க முழுக்க விளம்பரக் காசுல ஓடுறது. காலைல இருந்து தூங்கப் போற வரைக்கும் பொழுதுபோக்குக்கு இதுல எது கெட்டின்னு கேட்டா, லைட்டுன்னா லேசான சமாச்சாரம், ஹோம்னா கனமான சமாச்சாரம்னு சுலபமா சொல்லிடுவாங்க, எனக்கு அது சரியா படல. லைட் கை வேலையா இருக்கிறவங்களுக்கு, ஹோம் உக்காந்து காது குடுக்கிறவங்களுக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அன்னைக்கு நாளை அப்படியே ஓட்டிப் பார்த்தா தெரியும்.

காலைல போட்டியே இல்ல, லைட்தான். 9 மணிக்கு மேல ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ், வீட்டுல இருக்கிற பெண்கள் கார்டு போட்டு கேட்ட பாட்டெல்லாம் வரும், 1946ல ஆரம்பிச்சது. அப்புறம் பத்தரைக்கு மியூசிக் வைல் யூ வொர்க். இதைப் பத்தி கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இவ்வளவு யோசிச்சு செஞ்ச ஒரு பாட்டு நிகழ்ச்சியை நான் வேற எங்கயும் பாக்கல. 1940ல, யுத்தம் நடக்கும்போது ஃபேக்டரில வேலை செய்யறவங்களுக்காக ஆரம்பிச்சது. அரை மணி நேரம், பேண்டு நேரடியா வாசிக்கும், பாட்டுக்கு பாட்டு நடுவுல பேச்சே கிடையாது. மெஷின் சத்தத்துக்கு மேல ஸ்பீக்கர்ல கேக்கணும்ங்கறதால சத்தம் ஏறி இறங்கக் கூடாது, தூக்கம் வர மாதிரி மெதுவான மெட்டு கூடாது. டிரம் விளிம்புல டக்குனு விழற அடி கூட கூடாது, துப்பாக்கி வெடிச்ச மாதிரி கேக்கும்னு. ஒரு பாட்டுல நடுவுல கைதட்டுற இடம் வருது, அந்த இடத்துல தொழிலாளிங்க கைல இருக்கிற கருவியை வச்சு தட்ட ஆரம்பிச்சிடுவாங்கன்னு அந்தப் பாட்டையே தள்ளி வச்சாங்க! யுத்தம் முடிஞ்சு 9 வருஷம் ஆகியும் அது ஓடிக்கிட்டே இருந்துதுன்னா, பாத்திரம் தேய்க்கிற கைக்கும் அந்த தாளம் வேண்டியிருந்துதுன்னு தான அர்த்தம்.

அதே நேரத்துல ஹோம்ல பள்ளிக்கூடப் பாடம் ஓடிக்கிட்டு இருக்கும். நல்ல வேலைதான், ஆனா நம்ம கேள்வி பொழுதுபோக்கு.

மதியம் ஹோம் ஒரு எட்டு முன்னாடி வரும். வொர்க்கர்ஸ் ப்ளேடைம்னு ஒண்ணு, ஏதாவது ஒரு ஃபேக்டரி கேன்டீனுக்கே போய், சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவங்க முன்னாடி பாட்டு, காமெடின்னு நடத்துவாங்க. ஆனா 1.45க்கு லைட் மறுபடி பிடிச்சிடும், அதுவும் எப்படி பிடிக்குதுன்னு பாருங்க. 1.45க்கு லிசன் வித் மதர், அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு கால் மணி நேரம் கதையும் பாட்டும், சௌகரியமா உக்காந்தாச்சான்னு கேட்டுட்டுதான் கதையவே ஆரம்பிப்பாங்க. முடிஞ்சதும் 2 மணிக்கு வுமன்ஸ் ஹவர். அதாவது குழந்தை கதை கேட்டு கண் அசர நேரத்துல அம்மாவுக்குன்னு ஒரு மணி நேரம். ஒரு வீட்டோட மதியத்தை உள்ள வந்து பார்த்தவங்கதான் இப்படி அடுக்க முடியும். அப்புறம் சாயங்காலம் 4 மணிக்கு மேல மிஸஸ் டேல்ஸ் டைரி, ஒரு டாக்டர் பொண்டாட்டி வீட்டுக் கவலையெல்லாம் டைரியா சொல்ற தொடர், விட்டவங்களுக்கு மறுநாள் காலைல மறுபடி போடுவாங்க.

5 மணி ஆனா முள்ளைத் திருப்பியே ஆகணும். ஹோம்ல சில்ட்ரன்ஸ் ஹவர். 1953ல இருந்து அதுக்கு தலைமை டேவிட் டேவிஸ், கதை வாசிக்கறதுக்கே பேர் போன குரல். குழந்தைங்கதானன்னு கொஞ்சிப் பேசறது கிடையாது, நாடகம், இயற்கை, இசைன்னு பெரியவங்களுக்கு குடுக்கற தரத்துலயே குடுத்தாங்க, ஸ்காட்லாந்து, வேல்ஸ்னு பகுதிக்கு பகுதி தனியாவும் செஞ்சாங்க. இந்த நேரத்துக்கு லைட்ல என்ன இருந்தாலும் எனக்கு வேணாம்.

6.45க்கு லைட்ல ஆர்ச்சர்ஸ். அந்த நேரத்துல 1951 வரைக்கும் டிக் பார்ட்டன்னு ஒரு துப்பறியும் தொடர் வந்துக்கிட்டு இருந்துச்சு, அதை எடுத்துட்டு கிராமத்து விவசாயக் குடும்பக் கதைய போட்டாங்க. பையன்களுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்! ஆனா அப்ப உணவுத் தட்டுப்பாடு நிஜம், ரேஷன் முழுசா முடிஞ்சதே 1954 ஜூலைலதான், விவசாயிங்க விளைச்சலைக் கூட்ட வழி சொல்லணும், அதைக் கதைக்குள்ள வச்சு சொன்னாங்க. பண்ணை விஷயம் பேசியே ஊரையே கட்டிப் போட்டாங்கன்னா அது எழுத்தோட பலம்.

இப்ப ராத்திரி, ரெண்டு காமெடி நிகழ்ச்சி, இதுதான் நிஜமான போட்டி. ஹோம்ல 8.30க்கு கூன் ஷோ, லைட்ல 9.30க்கு ஹான்காக்ஸ் ஹாஃப் ஹவர், அந்த நவம்பர் 2ஆம் தேதிதான் அது ஆரம்பிச்சதே. ஸ்பைக் மில்லிகன், பீட்டர் செல்லர்ஸ், ஹாரி சீகோம்ப் மூணு பேரும் சேர்ந்து கூன் ஷோல பண்றது கண்ணால பாக்கவே முடியாத உலகம், ஆள் வெடிப்பான், மறு நிமிஷம் பேசுவான், ஒரே வாய் நாலு ஆளாகும், சத்தத்தாலேயே சுவர் கட்டி சத்தத்தாலேயே இடிப்பாங்க. நடுவுல ரெண்டு இடத்துல பாட்டு வேற வரும். ஹான்காக்ஸ் ஹாஃப் ஹவர்ல பாட்டு இடைவேளையே கிடையாது, கால்ட்டன், சிம்ப்சன் ரெண்டு பேரும் எழுதினது, டோனி ஹான்காக் நடிக்கிற ஒரே மனுஷன், அவனோட பெருமை, எரிச்சல், ஏமாற்றம், அரை மணி நேரமும் ஒரே கதை. கூன் ஷோவை கை வேலையோட கேட்டா பாதி போயிடும். ஹான்காக்கை துணி மடிச்சுக்கிட்டே கேக்கலாம், நம்ம வீட்டு மாமா புலம்பற மாதிரி இருக்கும். எனக்கு கூன் ஷோ ஒரு படி மேல, பழைய ரெக்கார்டிங் கேக்கும்போது இன்னைக்கும் வேலையை நிறுத்திட்டுதான் கேக்கறேன். நல்லவேளை ரெண்டும் மோதல, நடுவுல 9 மணிக்கு ஹோம்ல பிக் பென் மணி அடிச்சு செய்தி.

தேர்டு சாயங்காலத்துக்கு மேலதான் வரும், கேட்டவங்க ரொம்ப கம்மி. ஆனா அதே 1954 ஜனவரில வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸோட அண்டர் மில்க் வுட் நாடகம் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் குரல்ல முதல்ல ஒலிச்சது அங்கதான், அந்த ஒரு ராத்திரிக்காகவே தேர்டை எழுந்து நின்னு கும்பிடலாம்.

லக்ஸம்பர்க் 208 மீட்டர் அலைவரிசைல. இருட்டினாதான் அலை வானத்துல பட்டு இவ்வளவு தூரம் திரும்பி வரும், அதுவும் நல்ல பாட்டு ஓடும்போது மங்கி எங்கயோ போய் திரும்ப வரும். ஆனா இசைத்தட்டு வேணும்னா அங்கதான் போகணும். பிபிசி வாரத்துக்கு இவ்வளவு மணி நேரம்தான் இசைத்தட்டு போடலாம்னு ஒப்பந்தம் இருந்துச்சு, நீடில் டைம்னு சொல்வாங்க, இசைக் கலைஞர்களோட வேலை போயிடக் கூடாதுன்னு. அதனாலதான் பிபிசில அத்தனை பேண்டு. அதுல நியாயம் இருக்கு, ஆனா பதினாறு வயசுப் பொண்ணுக்கு வேண்டியது பேண்டு வாசிக்கிற அந்தப் பாட்டு இல்ல, அந்தக் குரலே பாடின பாட்டு. அவளுக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி 11 மணிக்கு லக்ஸம்பர்க்ல டாப் டுவென்டி, அதாவது அப்ப முன்னணில இருக்கிற இருபது பாட்டு, வரும்.

மொத்த நாளுக்கும் ஒரே ஸ்டேஷன்தான்னு என்னைக் கட்டாயப்படுத்தினா லைட்டுக்குத்தான் என் ஓட்டு, 8.30ல இருந்து 9 வரைக்கும் மட்டும் மனசு அடிச்சுக்கும். 11 மணிக்கு லைட்ல புக் அட் பெட்டைம், யாரோ ஒருத்தர் நிதானமா நாவல் வாசிப்பாங்க, அப்பா கேட்டுட்டு விளக்கை அணைச்சுட்டுப் போவாரு. செட்டு இன்னும் சூடாத்தான் இருக்கும், மாடிப்படில சத்தம் வராம இறங்கி வந்தா 208க்கு உடனே திருப்பிடலாம்.