ட்ரோலாக்ஸா, வைட்டமின் சி-யா?

பினாங்கின் பாலிக் பூலாவில் வாங்கிய ஜாதிக்காய்ச் சதையின் சாற்றுக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறன் எவ்வளவு என்று அளக்க வேண்டியிருந்தது. டி.பி.பி.எச் சோதனைதான்: ஊதாக் கரைசல் எவ்வளவு வெளுக்கிறது என்று 517 நானோமீட்டரில் பார்ப்பது. சாற்றை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் லேபில் பேச்சு நீண்டது.

அசல் வைட்டமின் ஈ-யான ஆல்ஃபா டோகோஃபெரால் முதலிலேயே அடிபட்டுப் போயிற்று. தேன் மாதிரிப் பிசுபிசுக்கும், பைபெட் முனையில் ஒட்டும், தண்ணீரில் கரையாது. அதன் நீண்ட வாலை வெட்டிவிட்டு அங்கே ஒரு கார்பாக்சிலிக் அமிலத்தை வைத்த செயற்கை வடிவம்தான் ட்ரோலாக்ஸ். வேலை செய்யும் வளையம் அப்படியே இருக்கிறது. நீரில் கரையும் என்று பெயர்தான், வெறும் தண்ணீரில் கொஞ்சம் அடம் பிடிக்கும். எத்தனாலில் சட்டென்று கரைந்துவிடும்.

வைட்டமின் சி மலிவு, எந்த லேபிலும் கிடைக்கும். டி.பி.பி.எச்-இல் இரண்டுமே மூலக்கூறுக்கு 2 ரேடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறு, கரைசலின் ஊதா நிறமே இதனால்தான்) வீதம் அடக்குகின்றன. அதனால் ஆற்றலை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. பராமரிப்புதான் முடிவு செய்தது.

வைட்டமின் சி கரைசல் காற்று பட்டாலே ஆக்சிஜனேற்றமாகும். தண்ணீரில் துளி செம்போ இரும்போ இருந்தால் இன்னும் வேகம். வெள்ளிக்கிழமை கலக்கியதைத் திங்கட்கிழமை எடுத்துப் போட்டேன். தப்பு என்னுடையதுதான். சாற்றை ஒப்பிட வரையும் அளவுக்கோடு சரிந்து படுத்துவிட்டது, ஜாதிக்காய்ச் சாறோ அபூர்வ மூலிகை மாதிரித் தெரிந்தது! அப்புறம் தினமும் காலையில் புதிதாக எடை போட்டுக் கலக்கியே பாதி நாள் போனது.

ட்ரோலாக்ஸை 25 மில்லிகிராம் எடுத்து 100 மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்தால் ஏறக்குறைய 1 மில்லிமோலார். சின்னக் குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வைத்தேன். ஒரு மாதம் கழித்து எடுத்தபோதும் கோடு அதே இடத்தில் இருந்தது. பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசலில்) நீர்த்ததை மட்டும் அன்றன்றே கொட்டிவிடுவேன். உறையவைத்த அதே எத்தனால் கரைசலை, 734 நானோமீட்டரில் நிறம் வெளுப்பதைப் பார்க்கும் ஏ.பி.டி.எஸ் என்ற இன்னொரு சோதனைக்கும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே முடிவையே ட்ரோலாக்ஸுக்குச் சமமான அளவாகத்தான் எழுதுவார்கள், பிறருடைய எண்களோடு ஒப்பிட வசதி.

விலை அதிகம், மறுக்கவில்லை. ஒரே ஒரு நாள் சோதனை என்றால் வைட்டமின் சி-யே போதும். ஓராக் என்ற மற்றொரு ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனையை இன்னொருவர் செய்யப் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. செல்களுக்கு ட்ரோலாக்ஸ் கொடுத்ததே இல்லை, அதனால் அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

வாங்கினால் ஒன்று: குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறவுங்கள். பினாங்கு ஈரக்காற்றில் சில்லென்று திறந்தால் தூளுக்குள் ஈரம் இறங்கிவிடும், எடை பொய் சொல்லும்.