டேஷ்போர்டு ஏ.சி.யைச் சரிசெய்வதா, ஜெனரேட்டரில் கூரை ஏ.சி.யை ஓட்டுவதா?

கலிஃபோர்னியாவின் பேக்கரிலிருந்து லாஸ் வேகஸ் பக்கம் 15-ஆம் எண் இன்டர்ஸ்டேட்டில் ஏறும்போது, எஞ்சின் சூடேறாமலிருக்க ஏ.சி.யை அணைக்கச் சொல்லும் பலகைகள் நிற்கும். பழைய மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையலறையோடு வீடு போலக் கட்டிய வண்டி) அந்த மேட்டில் ஏறும்போதுதான் இரண்டு ஏ.சி.களுக்கும் உள்ள வித்தியாசம் உறைக்கும். டேஷ்போர்டு ஏ.சி.யின் கம்ப்ரஸரை எஞ்சின் பெல்ட்தான் சுழற்றுகிறது. அதன் பாரம் நேராக எஞ்சின் மீது விழுகிறது. கூரை ஏ.சி. 120 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. ஜெனரேட்டரை இயக்கிவிட்டால் ஏற்றத்திலும் நிற்காது.

அப்படியானால் முன்பக்க ஏ.சி. கெட்டதும் அதைக் கைவிட்டுவிடலாமா? கூடாது என்பேன். பல வண்டிகளில் கோளாறு கேஸில், அதாவது குளிரூட்டும் வாயுவில், இருப்பதே இல்லை.

முதலில் ஹீட்டர் பக்கம் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது குளிர்ந்த காற்று வந்து, சூடேறியதும் வெதுவெதுப்பாக மாறுகிறதா? ஹீட்டர் வால்வு முழுதாக மூடாமல், எஞ்சினின் சுடுநீர் ஹீட்டர் கோருக்குள் (காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) போய்க்கொண்டிருக்கலாம். அந்த ஹோஸை இடுக்கிப் பிடித்துச் சில நிமிடம் ஓட்டிப் பாருங்கள். குளிர் திரும்பினால் மாற்ற வேண்டியது ஒரு சின்ன வால்வுதான். பெட்ரோல் வண்டியில் ஏற்றத்தில் மட்டும் காற்று முன்கண்ணாடிப் பக்கம் தாவுகிறதென்றால் அது வேக்குவம் (எஞ்சின் உறிஞ்சும் வெற்றிட இழுவை) கோளாறு. ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போது எஞ்சினின் வேக்குவம் குறையும். விரிசல் விட்ட குழாயோ பழுதான செக் வால்வோ இருந்தால் டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் சின்னக் கதவுகளைப் பிடித்துவைக்க வேக்குவம் மிஞ்சாது.

இவை சரியாக இருந்தால்தான் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்ட வேண்டும். ஆர்-134ஏ என்ற கேஸ் நிரப்பிய வண்டி சில மணி நேரம் அணைந்திருந்து, வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ் என்றால், லோ சைடு (குறை அழுத்தம்), ஹை சைடு (உயர் அழுத்தம்) என இரு பக்கமும் சுமார் 87 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) காட்டும். அது கேஸ் நிறைவாக இருப்பதற்குச் சான்றல்ல. உள்ளே இன்னும் திரவம் மிச்சமிருக்கிறது, அவ்வளவுதான். இருபது முப்பது என்று நின்றால் பெரும்பகுதி கசிந்துவிட்டது. அழுத்தம் குறைந்ததும் லோ-பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரின் கிளட்சைச் சேரவிடாது; கம்ப்ரஸர் சுழலாது.

இங்கேதான் பலர் கடையில் விற்கும் சின்ன கேனை வாங்கி ஏற்றுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எவ்வளவு உள்ளே இருக்கிறது என்றே தெரியாமல் ஏற்றினால் ஹை சைடு அழுத்தம் எகிறும், கசிவும் அடைபடாது. கசிவடைப்பான் கலந்த கேன் இன்னும் மோசம். அது ஆரிஃபிஸ் டியூபையும் (கேஸ் போகும் குறுகிய துளைக் குழாய்) பணிமனையில் கேஸை வெளியே எடுக்கும் இயந்திரத்தையும் அடைத்துவிடக்கூடும். கசிவைக் கண்டு, ஓ-ரிங் மாற்றி, பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, கேஸை எடைபோட்டு நிரப்புவதே முறை. எடைக்குச் சேஸிஸ் (அடிச்சட்டம்) தயாரித்தவர்களின் கையேட்டை மட்டும் நம்பாதீர்கள். அதன் மேல் வண்டியைக் கட்டியவர்கள் குழாயை நீட்டியிருந்தால் அளவு மாறியிருக்கும். அவர்கள் ஒட்டிய லேபிளைத் தேடுங்கள்.

கூரை ஏ.சி.யின் பலம் அதன் கொள்ளளவு: ஒன்று பெரும்பாலும் மணிக்கு 13,500 அல்லது 15,000 பி.டி.யு. (குளிரூட்டும் திறனின் அளவு). பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் முன்பக்க ஏ.சி.யால் அவர்களுக்குப் பயனில்லை. ஆனால் 4,000 வாட் ஜெனரேட்டர் பாதி பாரத்திலேயே மணிக்கு ஏறக்குறைய அரை காலன் குடிக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் அதை இயக்கவே கூடாது. கூரையிலிருந்து வரும் காற்று, பெரிய முன்கண்ணாடி வழியாக வெயில் அடிக்கும் ஓட்டுநர் இருக்கைக்குச் சரியாக எட்டுவதுமில்லை.

முன்பக்க ஏ.சி.யைக் கைவிடாமலிருக்க மழை இன்னொரு காரணம். டிஃப்ராஸ்டில் காற்றின் ஈரத்தைப் பிழிந்து அந்த அகலமான கண்ணாடியின் மூட்டத்தைப் போக்குவது டேஷ்போர்டு கம்ப்ரஸர்தான். கூரை ஏ.சி. அந்த வேலையைச் செய்யாது. எஞ்சின் முன்னால் உள்ள பெட்ரோல் வண்டியில், கோளாறு வால்விலோ ஹோஸிலோ இருந்தால், யோசிக்காமல் சரிசெய்துவிடுவேன்.

இரண்டு வகை வண்டிகளில் மட்டும் தயங்குவேன். டீசல் புஷரில் எஞ்சின் பின்னால் இருப்பதால் குழாய் வண்டியின் முழு நீளத்துக்கும் அடியில் ஓடும். உரசி ஓட்டை விழுந்தால் செலவு பெரிது. அடுத்தது, 1990-களின் தொடக்கத்துக்கு முந்தைய, ஆர்-12 என்ற பழைய கேஸில் ஓடும் வண்டி. அமெரிக்காவில் அந்தக் கேஸின் உற்பத்தி 1995-உடன் நின்றது. ஆர்-134ஏ-க்கு மாற்றினால் எண்ணெய், டிரையர் (ஈரம் உறிஞ்சும் பாகம்), இணைப்பு முனைகள் எல்லாம் மாறும். வெப்பத்தை வெளியே விடும் பழைய கண்டென்சரில் குளிர்ச்சியும் குறையலாம். இவற்றுக்குக் கூரை ஏ.சி.யும், இருக்கைக்குப் பின்னால் ஒரு கனத்த திரையும் போதும்.

இரண்டும் ஓடும் வண்டியானால், பேக்கரில் ஏறுமுன்பே ஜெனரேட்டரை இயக்கி, முன்பக்க ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். டேங்கில் கால் பங்குக்கு மேல் எரிபொருள் இருக்கட்டும். அதற்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான வண்டிகளில் ஜெனரேட்டரின் உறிஞ்சு குழாய்க்கு எட்டாது.