மூணு வருஷமா யூஸ் பண்ற அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேர், இன்னும் ஆறாத ஒரு கோபம்

ஃப்ரெண்ட் ஒருத்தன், நீங்க வச்சிருக்கிற அட்டெண்டன்ஸ்-சம்பள சாஃப்ட்வேரையே நானும் வாங்கட்டுமான்னு கேட்டான். போன்ல சொன்னா பாதி விட்டுப்போகும், அதான் எழுதிடறேன்.

நல்லத முதல்ல சொல்லிடணும். ஏழு நாளைக்கு ஒரு தடவ தொடர்ச்சியா 24 மணி நேரம் ஓய்வு குடுக்கணும்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு தொழிற்சாலைகளுக்கு 1921லயே சொல்லிருச்சு, ஆனா நாங்க பேப்பர்ல ஷெட்யூல் போட்ட காலத்துல ஷிப்ட் மாத்தி மாத்தி ஒருத்தர் ஒம்பது நாள் தொடர்ந்து வந்தது சம்பளம் போடறப்பதான் எனக்கே தெரிஞ்சுது. இந்த சாஃப்ட்வேர்ல ஆறு நாள் தொடர்ந்து வந்தவர் பேர ஏழாவது நாளுக்கும் போட்டா சேவ் ஆகாது. பஞ்ச் டைம யாராவது திருத்துனா பழைய டைம், திருத்துனவர் பேரு, காரணம் எல்லாம் அப்படியே நிக்கும். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவங்க ஒரு மாச ஓவர்டைம் ரெக்கார்ட் கேட்டப்ப அஞ்சு நிமிஷத்துல எடுத்துக் குடுத்தேன்.

இப்ப கோபத்துக்கு வரேன். சாப்பாட்டு பிரேக்னு தினமும் அர மணி நேரத்த இது தானா கழிச்சிடும். பிரேக் எடுத்தாங்களா இல்லையான்னு பாக்கவே பாக்காது.

இது எனக்கு எப்படி தெரிஞ்சதுன்னா, பேக்கிங் செக்ஷன்ல ஒரு அக்கா பே ஸ்லிப்பையும் ஒரு சின்ன டைரியையும் கொண்டு வந்து டேபிள் மேல வச்சாங்க. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, உள்ள வந்த நேரம், வெளிய போன நேரம், பக்கத்துல "மாத்தி விட ஆள் இல்ல". மெஷின விட்டு நகர முடியாம நின்னுக்கிட்டே சாப்பிட்டிருக்காங்க. 26 நாள், நாளுக்கு அர மணின்னா 13 மணி நேரம். வேலைய விட்டு நகர முடியலன்னா அது எப்படிங்க ஓய்வு? அந்த 13 மணி நேரமும் வேலை நேரம்தான், மொத்தமா கணக்கு போட்டு அடுத்த சம்பளத்துல சேத்தோம். அந்த அக்கா டைரி எழுதலன்னா அந்தக் காசு போனது போனதுதான்.

அன்னைக்கே செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணேன். ஆனா புதுசா ஒரு ஷிப்ட் உருவாக்குனா அதுல மறுபடி ஆன்ல வந்து நிக்குது, பெரிய அப்டேட் வந்தாலும் அதே கதை. சப்போர்ட்ல இருக்கிறவங்க மரியாதையா பேசுறாங்க, உடனே பதில் போடுறாங்க, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா மூணு வருஷமா "டீம்கிட்ட சொல்லிட்டோம்"ங்கிற அதே பதில்தான். ஓவர்டைம் கணக்க எழுதி வைக்கிறது முதலாளியோட பொறுப்புன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்போட முதல் உடன்படிக்கையிலயே, 1919லயே இருக்கு. நாளைக்கு கேள்வி வந்தா சாஃப்ட்வேர் கழிச்சிருச்சுன்னு சொன்னா யாரு ஒத்துப்பாங்க, கையெழுத்து நம்மளோடது.

நாங்க ரெனியூ பண்ணிட்டோம், மூணு வருஷ ரெக்கார்ட் அதுலதான் கெடக்கு. ஆனா நீ வாங்காதடா. உன் இடத்துல பாதிப் பேர் தனி ஆளா மெஷின் பாக்கறவங்க. பிரேக்குக்கு போறப்பவும் திரும்பி வரப்பவும் பஞ்ச் வச்சு, அந்த நேரத்த மட்டும் கழிக்கிற மாதிரி ஒண்ணு தேடு, மத்த வசதி கம்மியா இருந்தாலும் பரவால்ல.

இப்பல்லாம் சம்பளம் போடறதுக்கு முந்தின நாள் பிரேக் ரிப்போர்ட்ட பிரிண்ட் எடுத்துட்டு செக்ஷன் செக்ஷனா போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுட்டுதான் சம்பளம் போடறேன். நேத்து புதுசா ஒரு நைட் ஷிப்ட் உருவாக்குனேன், மறுபடியும் ஆன்லதான் இருந்துச்சு.