கையெழுத்திடுவதா, மறுப்பதா?

அமெரிக்க நிதி கேட்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு ‘மெக்சிகோ நகரக் கொள்கை’ இரண்டே வழிகளைத்தான் விடுகிறது: கருக்கலைப்பில் ஈடுபட மாட்டோம் என்ற உறுதிமொழியில் கையெழுத்திடுவது, அல்லது மறுப்பது. 1984இல் அமெரிக்க அதிபர் ரீகன் கொண்டுவந்த விதி இது. ஜனநாயகக் கட்சி அதிபர் வந்தால் நீக்குவார், குடியரசுக் கட்சி அதிபர் வந்தால் திரும்பக் கொண்டுவருவார்.

கையெழுத்திட்டால் பணம் வரும். கருத்தடை ஊசி, செவிலியர் சம்பளம் எல்லாம் தொடரும். ஆனால் கருக்கலைப்பு செய்யக் கூடாது, அதற்கு வழிகாட்டக் கூடாது, சட்டத்தைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கவும் கூடாது. வல்லுறவு, தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் உண்டு. வேறு நாட்டார் கொடுத்த பணத்தில் செய்தாலும் மீறல்தான். அமெரிக்கப் பணத்தில் செய்வதை 1973இலேயே ஹெல்ம்ஸ் திருத்தம் என்ற அமெரிக்கச் சட்டம் தடுத்துவிட்டது. அப்புறம் இது எதற்கு?

மறுத்தால் பேச்சுரிமை மிஞ்சும், பணம் போகும். 2001இல் கென்யக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் மறுத்தது. தன் மருத்துவ மையங்கள் சிலவற்றை மூட வேண்டியதாயிற்று. கருத்தடைக்கு வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கதவு அடைபட்டது. 2017இல் நெதர்லாந்து மாற்று நிதி திரட்டக் கிளம்பியது. ஆனால் நிதியில் விழுந்த பள்ளம் அதைவிடப் பெரிது.

சஹாராவுக்குத் தெற்கே 26 நாடுகளை ஆராய்ந்து 2019இல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. விதி அமலில் இருந்தபோது, அமெரிக்க உதவியை அதிகம் நம்பிய நாடுகளில், குறைவாக நம்பிய நாடுகளோடு ஒப்பிட்டால், கருத்தடைப் பயன்பாடு சுமார் 14% குறைந்திருந்தது, கருக்கலைப்பு சுமார் 40% கூடியிருந்தது.

பல நாட்டு நன்கொடையாளர்கள் உள்ள பெரிய அமைப்பு மறுப்பதே மேல் என்பேன். ஒரே நிதியை நம்பும் சிறு மையம் கையெழுத்திட்டால் என்னால் குறை சொல்ல முடியாது.