குலதெய்வம் கோயிலுக்கு எந்த வழி: கடலோரமா, திருச்சியா?

எங்கள் குலதெய்வம் அய்யனார், திருமயம் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரையில் இருக்கிறார். சென்னையிலிருந்து குடும்பத்தோடு இரண்டு முறை காரில் போய்விட்டோம். முதல் முறை புதுச்சேரி, சிதம்பரம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று கடலோரமாக. போன டிசம்பரில் விழுப்புரம், திருச்சி, புதுக்கோட்டை வழியாக. மறுபடியும் திருச்சி வழியில்தான் போவேன்.

திருச்சி வரை நான்குவழிச் சாலை. கடலோர வழி பல இடங்களில் ஊருக்குள் புகுந்து போவதால் நேரம் இழுக்கும். சாப்பாட்டுக்கு இரண்டிலுமே குறையில்லை.

என்னைப் பொறுத்தவரை வழியைத் தீர்மானிப்பது நடை சாத்தும் நேரம்தான். அம்மாவுக்குக் கோயில், மகளுக்கு ஓவியம், மகனுக்குக் கோட்டையும் கடலும், அப்பாவுக்குப் பிறந்த மண். இவர்களோடு நண்பகலில் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தே அன்றைய பொழுது அமைகிறது.

முதல் பயணத்தில் மகனுக்குப் புதுச்சேரிக் கடற்கரையை விட்டு வர மனமில்லை. சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மணி 12.15. நடை சாத்தியாகிவிட்டது, இனி மாலையில்தான் திறப்பார்கள். அம்மா கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார். தரங்கம்பாடி வரும்வரை யாரும் பேசவில்லை. அங்கே டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு முகம் மலர்ந்தது. கோட்டைக்கு எதிரிலேயே கடல். அதற்கு ஈடாகத் திருச்சி வழியில் எதுவும் கிடையாது. ஆனால் ஊர் போய்ச் சேர இரவு பதினொன்று ஆகிவிட்டது. காலையில் அப்பாவால் எழ முடியவில்லை. பொங்கல் வைக்கத் தாமதமாகி, வந்திருந்த பங்காளிகளில் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். யாருக்காகப் போனோமோ அவருக்கே நேரம் மிஞ்சவில்லை.

திருச்சி வழியில் நண்பகல் நமக்குச் சாதகம். விடியுமுன் கிளம்பி, பதினொன்றரைக்குத் திருவானைக்காவலில் இருந்தோம். அங்கே உச்சிக்காலப் பூசைதான் சிறப்பு. அர்ச்சகர் புடவை உடுத்தி, அகிலாண்டேஸ்வரியாகவே வந்து ஜம்புகேஸ்வரரைப் பூசிப்பார். அம்மா கண்கலங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குச் சித்தன்னவாசல். குடைவரையின் விதானத்தில் தாமரைக்குளம், மீன்கள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். 9ஆம் நூற்றாண்டு ஓவியம். பல இடங்களில் உதிர்ந்துவிட்டாலும் மகள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். இருட்டுமுன் புதுக்கோட்டையில் அறை எடுத்துவிட்டோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அய்யனார் கோயிலில் அடுப்பு மூட்டியாயிற்று. பூசாரிக்கு முன்பே சொல்லிவைத்திருந்ததால் பங்காளிகளும் வந்திருந்தார்கள். புதுக்கோட்டை தாண்டிச் செம்மண் தெரிந்ததிலிருந்தே அப்பா கண்மாய்களைப் பேர் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தார். எந்தக் கரையில் மாடு மேய்த்தார், எதில் நீச்சல் பழகினார் என்பதெல்லாம் அன்றுதான் எனக்கே தெரியும். பொங்கல் முடிந்த பிறகு, மற்ற கோயில்கள் மூடியிருக்கும் நேரத்தில் திருமயம் கோட்டை. பாறை மேல் பீரங்கி வரை மகன் ஏறிவிட்டான். மாலையில் நடை திறந்ததும் அடிவாரத்தில் சத்தியமூர்த்திப் பெருமாள் தரிசனம்.

நாங்கள் போனது டிசம்பரில். மே மாதத்தில் அந்தப் பாறையில் நண்பகலில் ஏறச் சொல்லமாட்டேன். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே இருட்டில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன், பகலில் அந்தச் சாலை சுகமாகவும் இருக்கலாம். வயதானவர்கள் இல்லாமல், வழியில் ஒரு இரவு தங்க முடிந்தால் கடலோரமாகவே போங்கள். அப்பாவோடு போகும்வரை எனக்குத் திருச்சி வழிதான். தரங்கம்பாடிக்கு மகனைத் தனியாக ஒரு வார இறுதியில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.