இரண்டு ஏரிகள், ஒரு குன்று, அக்டோபர் குளிர்: லேக் டிஸ்ட்ரிக்ட் வழிகாட்டிச் சேவை பற்றிய மதிப்பீடு

இங்கிலாந்தில் ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், ஒரே நாளில் இரண்டு ஏரிகளில் நீந்தவைத்து, இடையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடக்கவும் அழைத்துச் செல்லும் சிறிய வழிகாட்டிச் சேவைகள் சில உள்ளன. அவற்றுள் ஒன்றில் பணம் கட்டி, அக்டோபர் நடுவில் சென்றுவந்தேன். கோடைக்காலமாக இருந்தால் இதற்கு வழிகாட்டி எதற்கு என்று கேட்டிருப்பேன். பாதைகள் தெளிவானவை, வரைபடம் பார்க்கத் தெரிந்த எவரும் தாமாகவே போய்வரலாம். இலையுதிர்காலத்தில் நிலைமை வேறு. நம்மை நீரில் எப்படி இறக்குகிறார்கள் என்பதைக் காட்டிலும், கரையேறிய பிறகு எப்படிக் கவனித்துக்கொள்கிறார்கள் என்பதைக் கொண்டே அப்போது ஒரு சேவையை எடைபோட வேண்டும். அந்த அளவுகோலின்படி, இந்த நிறுவனத்தின் காலைப்பொழுதுக்கு முழு மதிப்பெண் தரலாம். பிற்பகலுக்குத் தர இயலவில்லை.

முதல் நீச்சல் ரைடல் வாட்டரில். ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள சிறிய ஏரி இது. ஆழம் குறைவு என்பதால் கோடையில் விரைவில் வெதுவெதுப்பாகும். அதே காரணத்தால், இலை உதிரத் தொடங்கியதும் விரைவில் குளிர்ந்தும்விடும். அதே வட்டாரத்தில் 60 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள விண்டர்மியர் ஏரியோ, சேர்த்துவைத்த வெப்பத்தை மெல்ல மெல்லத்தான் இழக்கும். அன்று ரைடல் வாட்டரில் வழிகாட்டி விட்ட வெப்பமானி 12 டிகிரி செல்சியஸ் காட்டியது. நீச்சல்குளத்தின் வெதுவெதுப்புக்குப் பழகிய உடல், 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென இறங்கினால் மூச்சு நம் வசத்தில் இராது. தானாகவே வாய் பிளந்து காற்றை இழுக்கும். அந்தக் கணத்தில் தலை நீருக்குள் இருந்தால் ஆபத்து. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடங்களில் இது தணிந்துவிடும் என்பதால், இடுப்பளவு நீரிலேயே எங்களை நிறுத்திவைத்தார் வழிகாட்டி. ஒவ்வொருவரும் ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்லிக்காட்டிய பிறகே நீந்த அனுமதித்தார். எளிய சோதனைதான், ஆனால் இதைவிட நம்பகமான ஒன்றை நான் கண்டதில்லை.

ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மிதவையை இடுப்பில் கட்டிவிட்டிருந்தார்கள். எதிர்க்கரைச் சரிவில் பெரணிச்செடிகள் துருநிறத்தில் பரவிக் கிடந்தன. நீரின் மட்டத்திலிருந்து மலையைப் பார்ப்பது, கரையில் நின்று பார்ப்பதினின்றும் முற்றிலும் வேறான காட்சி. இந்தக் கட்டணத்தில் பாதி அதற்கே ஈடாகும். இன்னும் சற்று நேரம் நீந்தலாமே என்று நாங்கள் நினைக்கும்போதே கரைக்கு அழைத்துவிட்டார்கள். அதுவே சரி. நீரைவிட்டு வெளியே வந்த பின்னும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நீரில் நலமாக இருந்தவர் கரையில் உடைமாற்றி முடிப்பதற்குள் நடுங்கத் தொடங்குவது இதனால்தான். நிற்பதற்குப் பாய் விரித்து, துணிகளை உடுத்தும் வரிசையிலேயே முன்கூட்டி அடுக்கிவைக்கச் சொல்லியிருந்ததன் பயன் அப்போது தெரிந்தது. தேநீர்க் கோப்பையைப் பாதிதான் நிரப்பித் தந்தார்கள். கஞ்சத்தனம் என்று நினைத்தேன்; என் பக்கத்தில் நின்றவரின் கை ஆடியதில் அந்தப் பாதியும் விளிம்பைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியதைப் பார்த்ததும் காரணம் விளங்கிற்று.

அடுத்து, தாமதமின்றி மேட்டுப்பாதை. ரைடல் குகை இயற்கையாக உண்டானதன்று. ஸ்லேட் கல் வெட்டியெடுத்த பழைய சுரங்கம். உள்ளே தேங்கிய நீரில் சிறு மீன்கள் திரிகின்றன. அங்கிருந்து லஃப்ரிக் டெரஸ் என்னும் சரிவுப்பாதைக்குப் போய்ச் சேர்வதற்குள் உடல் நன்றாகச் சூடேறிவிடுகிறது. கிராஸ்மியர் ஏரி நடுவில் தீவுடன் முழுமையாகத் தெரியும் இடம் அது. மதிய உணவும் அங்கேதான். உணவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பசிக்குப் போதுமானது.

குறை இங்கிருந்துதான் தொடங்குகிறது. காற்று வீசும் அந்தச் சரிவில் நெடுநேரம் உட்காரவைத்து, நடந்து சேர்த்த சூட்டையெல்லாம் ஆறவிட்டு, காலையில் நனைந்த வெட்சூட்டையே (குளிர்நீரில் நீந்த அணியும் இறுக்கமான ரப்பர் உடை) மறுபடி மாட்டச் சொல்லி, வெயில் மேற்குக் குன்றுகளின் பின்னால் சாயும் வேளையில் கிராஸ்மியரின் தென்கரையில் இரண்டாம் முறை இறக்கினார்கள். காலையில் கண்டிப்புடன் பின்பற்றிய வாக்கியச் சோதனை இப்போது இல்லை. கரையேறியதும் புகைப்படம் எடுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பேச்சு குழறத் தொடங்கியது. உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைவதன் முதல் அடையாளங்களுள் அது ஒன்று. அவரைக் கவனித்துச் சொன்னது வழிகாட்டியல்லர், உடன் வந்த வேறொருவர். பின்னர் எழுதிக் கேட்டதற்கு, அறிவிப்பில் இரண்டு நீச்சல் என்று இருப்பதால் இரண்டும் தரப்பட்டதாகப் பதில் வந்தது. அக்டோபரில் இரண்டாவது நீச்சலை விரும்புவோருக்கு மட்டும் என வைத்து, உலர்ந்த உடையொன்றையும் தந்திருந்தால் இந்தப் பத்தியை எழுதவேண்டியே இருந்திராது.

ரைடலுக்குத் திரும்பும் வழி, முற்காலத்தில் கிராஸ்மியர் தேவாலயத்துக்கு உடல்களைச் சுமந்து சென்ற சவப்பெட்டிப் பாதை. சுமந்தவர்கள் பெட்டியை இறக்கிவைத்து இளைப்பாறிய தட்டைக்கற்கள் இன்றும் அங்கே உள்ளன. நாளின் மிக அழகான நடை இதுவே, ஆனால் குழு குளிரில் விறைத்திருந்ததால் விரைந்து கடந்துவிட்டோம்.

மே முதல் செப்டம்பர் வரை இந்தச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அதன் பிறகு பதிவு செய்வதாயின், இரண்டாம் நீச்சலைத் தவிர்த்து நடையில் மட்டும் தொடர முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தடித்த கம்பளித் தொப்பியும் கூடுதலாக ஒரு துவாலையும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கார் தேவையில்லை, விண்டர்மியர் ரயில் நிலையத்திலிருந்து அம்பிள்சைட், ரைடல், கிராஸ்மியர் வழியாக 555 எண் பேருந்து செல்கிறது.